இருபத்திரண்டாம் ஜுஸ்வு

உள்ளறையில் வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், சமையலறையில், அவள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு டிக் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. முப்பதுக்கு முப்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமி குடும்பக் குழுவில் அந்தப் பட்டியலைப் போட்டது காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு. குர்ஆனில் முப்பது ஜுஸ்வு. ஆளுக்கொன்றாக முப்பது பேர் ஓதினால் ஒரு முழுக் குர்ஆன் முடிந்துவிடும். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு இமாம் வந்து கையேந்தி துஆ கேட்டு அந்த நன்மையை வாப்பாவுக்குச் சேர்த்துவிடுவார். நாளைக்கு இமாம் வெளியூர் போகிறார், அதனால் இன்றைக்கே. ஏற்பாடு இவ்வளவுதான். நிதானமாக ஓதினால் ஒரு ஜுஸ்வுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். எட்டு பத்துக்குப் பட்டியல் வந்தது, எட்டு பத்துக்கே முப்பது பேருக்கும் நேராக டிக் விழுந்திருந்தது. மலக்குகளே வானத்திலிருந்து இறங்கி வந்து ஓதியிருந்தாலும் உட்கார ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்குக் கீழே வந்த பதில்களைப் படித்தால் இருக்கிற பொறுமையும் போய்விடும். பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். மவுத்துச் செய்திக்குக் கட்டைவிரல்! ஒருவர், “எனக்கு எந்த ஜுஸ்வு?” என்று கேட்டிருந்தார். பட்டியல் அவர் கேள்விக்கு நேர் மேலேதான் இருந்தது. அவருக்குப் பதில் சொன்ன புண்ணியவான் தப்பான எண்ணைச் சொல்லியிருந்தார். பெயிண்டர் மச்சான், பதினான்கில் பாதியை ஓதிவிட்டதாகவும் வேலைக்கு நேரமாகிவிட்டதாகவும் மீதிப் பாதியை யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை என்றும் குரலில் பேசி அனுப்பியிருந்தான். பின்னணியில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

மாமி சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் அக்கா. போன வாரம்தான் ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மற்றக் கண்ணுக்கு நேராகச் செல்போனை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, வந்த ஒவ்வொரு கட்டைவிரலுக்கும் பதில் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமி, இது என்ன லிஸ்ட்டு? எல்லாருக்கும் டிக் இருக்கே.”

“எல்லாரும் ஓதிடுவாங்கம்மா.”

“ஓதிட்டாங்கன்னு இருக்கு.”

“அது போன வருஷத்து டிக். உங்க உம்மாவுக்கு ஓதினோமில்ல, அந்த லிஸ்ட்டத்தான் எடுத்துப் போட்டேன். மேல பேர மட்டும் மாத்தினேன். அஞ்சாவது எப்பவும் உங்க வாப்பா எடுக்கறது, அதுல மட்டும் சாச்சா பேரப் போட்டேன். ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு முப்பது பேரையும் மறுபடி நான் அடிக்க முடியுமா?”

“அப்ப யாரு ஓதினா, யாரு ஓதலன்னு எப்படித் தெரியும்?”

“அல்லாவுக்குத் தெரியும்.”

மாமியிடம் எந்த வாக்குவாதமும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். வாப்பா இருந்தவரை இந்த மாதிரி நேரங்களில் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார். இன்றைக்கு அவர் போயிருக்கிற இடத்துக்கு அவள் பின்னால் போக முடியாது.

தானே ஓதிவிட்டுப் போவோம் என்றால் அவளுக்கு அதற்கும் வழியில்லை. அன்று காலை, வாப்பா அடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, குளியலறைக்குப் போனவள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். கணக்குக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. மாதத்தில் அந்த நாட்களில் தொழுகை கிடையாது, குர்ஆனைத் தொட்டு ஓதுவதும் கிடையாது. வருஷத்தில் முன்னூற்றறுபத்தைந்து நாள் இருக்க, இந்த உடம்புக்கு இன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததா? பட்டியல் வந்ததும் மாமியின் காதில், “எனக்குத் தொழுகை இல்ல மாமி, என் பேருக்கு வேற ஆளப் போடுங்க” என்று சொன்னபோது மாமி சாவகாசமாக, “உன் பேரு லிஸ்ட்டுலயே இல்லியே” என்றாள்.

அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. பெயிண்டர் மச்சானுக்கு இடம் இருக்கிறது. கல்யாணத்துக்குக்கூட வராத யார் யாருக்கோ இடம் இருக்கிறது. இரண்டு மாதமாக வாப்பாவுக்கு வாய் துடைத்து, மாத்திரை கொடுத்து, முதுகு திருப்பிவிட்டவளுக்கு அவருடைய குர்ஆனில் ஒரு மூலை கிடையாது. முப்பத்தெட்டு வயதிலும் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறார்களே தவிர, ஒரு கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். லென்ஸை அளவுக்குத் தீட்டி ஃப்ரேமில் பொருத்துவது அவள் பொறுப்பு. ஒரு மில்லிமீட்டர் விலகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். பத்து வருஷமாக அந்த வேலை பார்த்து, எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்காமல் விடமாட்டாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஆனால் இந்த டிக்குகளை அவள் நம்பாததற்கு அந்தப் பழக்கம் காரணமில்லை. அவளே ஒரு பொய் டிக் போட்டவள்.

உம்மா மவுத்தானபோது இருபத்திரண்டாம் ஜுஸ்வு அவளுக்குத்தான் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கண் மூடாமல் இருந்துவிட்டு வந்து, குர்ஆனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரைப் பக்கம் போயிருப்பாள். கண் விழித்தபோது ஊரே செல்போனில், “இருபத்திரண்டு முடிஞ்சுதா, இருபத்திரண்டு முடிஞ்சுதா” என்று கத்திக்கொண்டிருந்தது. டிக் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த ஜுஸ்வை எடுத்து ஓதிவிட்டாள், முப்பது தடவைக்குக் குறையாது, பாதி மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு இமாம் கையேந்தி, “முழுமையாக ஓதி முடித்த இந்தக் குர்ஆனின் நன்மையை” என்று சொன்னாரே, அந்த வார்த்தை பொய்தானே? உம்மாவுக்குப் போனது ஓட்டையோடுதானே போனது? பதினாலு மாதமாக இது அவளை அரித்துக்கொண்டிருந்தது. வாப்பாவுக்காவது முழுசாகப் போகவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை.

உள்ளறைக் கதவு திறந்து அண்ணன் வெளியே வந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தான், முன்பக்கமெல்லாம் ஈரம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், வேறு ஊரில் குடும்பம். விடியற்காலைத் தகவல் கேட்டு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தவன், நேராக உள்ளே போய் வாப்பாவைக் குளிப்பாட்ட நின்றுவிட்டான். வெளியே வந்ததும் வராததுமாக மாமியின் கையிலிருந்த செல்போனைப் பார்த்தான். முகம் மாறியது.

அவனுக்கும் மாமிக்கும் இந்த விஷயத்தில் ஏழாம் பொருத்தம். ஆள் சேர்த்துக் குர்ஆன் ஓதி இறந்தவருக்கு அனுப்புவதெல்லாம் போய்ச் சேராது என்பது அவன் கட்சி. பிள்ளை கேட்கும் துஆ போகும், இறந்தவர் பேரில் செய்யும் தர்மம் போகும், அவர் சொல்லிக்கொடுத்த நல்லது போகும். அவன் பள்ளிவாசல் வாசலில் வாப்பா பேரால் ஒரு குடிதண்ணீர் மெஷின் வைக்க வரும் வழியிலேயே பேசி முடித்துவிட்டானாம். மாமி விடுவாளா? நாற்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டின கையோடு கடையைப் பூட்டிவிட்டு, மவுத்தான வீடெல்லாம் போய் உங்கள் வாப்பா ஓதினானே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டாள். அண்ணன், அது அவர் நிய்யத்து, அவர் எண்ணம், அல்லா பார்த்துக்கொள்வான் என்றான். அப்படியென்றால் இதையும் அல்லா பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் மாமி.

இரண்டு பேரும் தபாலாபீஸில் கவுண்டர் போட்டு உட்கார்ந்த மாதிரி, இந்தப் பார்சல் போகும், அந்தப் பார்சல் போகாது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாப்பா வெள்ளைக் கஃபன் துணியில் கிடந்தார். அவளுக்குப் பக்கத்திலிருந்த பாத்திரத்தைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. எவர்சில்வர், உடையாது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?” என்றாள்.

மூடிக்கொண்டார்கள். அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

பதினோரு மணிக்கு முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாப்பாவின் முகம் எப்போதும் போலவே இருந்தது, எதையோ சொல்லாமல் வைத்திருக்கிற முகம். ஆயுசு பூராவும் அப்படித்தான். டாக்டரிடம் போனதைச் சொல்ல மாட்டார், வலிப்பதைச் சொல்ல மாட்டார், எதைக் கேட்டாலும், “பாக்கலாம்” என்பார். விடியற்காலை அவளை எழுப்பி மணி என்ன என்று கேட்டார். “இன்னும் பாங்கு சொல்லல வாப்பா, தூங்குங்களேன்” என்று சலித்துக்கொண்டாள். பாங்கு சொன்னபோது அவர் இல்லை. இதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் வாப்பாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். முன்கால் ஒன்றை அண்ணன் தோளில் வாங்கிக்கொண்டான். பெண்கள் வாசற்படி வரைக்கும்தான். தெரு முனையில் சந்தூக்கு திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, மாமி அழுதுகொண்டே உள்ளே போனாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே போய் வாப்பாவின் மருந்துக் கவர் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஒன்று முதல் முப்பது வரை எழுதி, முதல் ஆளுக்குப் போன் போட்டாள்.

அடுத்த இரண்டரை மணி நேரம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றாம் ஜுஸ்வுக்காரர், ஓதியாயிற்று என்றார். போன வருஷமா, இந்த வருஷமா என்று கேட்டதும் யோசித்தார். நாலாம் ஜுஸ்வுக்காரியான டீச்சர் அக்கா, “எங்கள நம்பலையா நீ?” என்று கேட்டுவிட்டு, தன் ஐம்பது வருஷ ஈமானைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். அந்த நேரத்தில் கால் ஜுஸ்வு ஓதியிருக்கலாம். ஒன்பதும் பத்தும் புருஷன் பெண்டாட்டி, இரண்டு பேரும் ஒன்பதையே ஓதி முடித்திருந்தார்கள். பத்தாவதை யார் ஓதுவது என்று அவள் காதிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். பெயிண்டர் மச்சானின் மீதிப் பாதியைத் தலையில் கட்ட ஒரு ஆள் பிடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பாதிப் பேர் நிஜமாகவே ஓதியிருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பையன் முடித்திருந்தான். பிரசவமாகிப் பத்து நாளேயான மருமகள் ஒருத்தி, தன்னால் ஓத முடியாதென்று தன் புருஷனை உட்காரவைத்து ஓதவைத்திருந்தாள். அவர்களிடம் பேசும்போது அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அடுத்த எண்ணுக்குப் போன் போடுவதை நிறுத்தவில்லை.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டுக்கு யார் என்று செல்போனைப் பார்த்தாள்.

‘22 – தம்பி.’ பக்கத்தில் டிக்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. மாமியின் பட்டியலில் தம்பி என்றால் வாப்பாதான், சாச்சாவைச் சாச்சா என்றே போடுவாள். வாப்பாவுக்கு ஐந்துதான், அதை மாமி மாற்றிவிட்டாள். இருபத்திரண்டில் எப்படி வந்தார்? இருபத்திரண்டு அவளுடையதல்லவா? அவள் டிக் போட்ட இடமல்லவா?

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம். அவள் மாமியின் முக்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். செல்போனை நீட்டினாள்.

“இருபத்திரண்டுல வாப்பா பேரு இருக்கு மாமி.”

மாமி வாங்கி ஒற்றைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஆமா. இத மறந்தே போயிட்டேன் பாரு. போன வருஷம் அவன் ரெண்டு ஓதினான்.”

“அது என்னோடது.”

“உன்னோடதுதான்.” மாமி குரலைத் தாழ்த்தினாள். “நீ குர்ஆன மடியில வச்சுக்கிட்டுத் தூங்கிட்டே. அவன்தான் மெதுவா எடுத்துக்கிட்டான். அப்புறம் நீ எழுந்து டிக் போட்டதையும் பாத்திருக்கான். எனக்குப் போன் பண்ணி, இருபத்திரண்டுல என் பேரப் போடுக்கா, ஓதிட்டேன்னான்.”

“எப்ப ஓதினாங்க?”

“நீ தூங்கும்போதே. பக்கத்துலதான் உக்காந்து ஓதினானாம், உன்ன எழுப்பாம.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லாதன்னான். புள்ள நாலு நாளா தூங்கலக்கா, இதக் கேட்டா மனசு ஒடிஞ்சிடும்னான்.”

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். உம்மாவுக்குப் போனதில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் வந்தது கோபம்தான். பதினாலு மாதம்! ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, தினமும் டீ வைத்துக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை, ‘நான் ஓதிட்டேம்மா, விடு’ என்று சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? தெரியாத மாதிரியே இருந்துகொண்டு, அவள் அதே ஜுஸ்வைத் திரும்பத் திரும்ப எடுத்து ஓதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது? மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமி அவள் தலையில் கை வைத்தாள்.

ஆனால் மணி மூன்றடித்திருந்தது. அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லை. இருபத்திரண்டு ஓதப்படாமல் நின்றது. அவள் விட்ட அதே ஜுஸ்வு, இந்தத் தடவை எடுத்து ஓத வாப்பா இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி எட்டுப் பேருக்கும் போன் போட்டுக் கேட்டாள், மற்ற இருபத்தொன்பதும் முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருந்தன.

விஷயம் தெரிந்ததும் சாச்சா முன்வந்தார். வாப்பாவின் தம்பி, எதையும் சிக்கல் இல்லாமல் முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர். ஐந்தாம் ஜுஸ்வைக் காலையில் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு வெற்றிகரமாக வலம் வந்துகொண்டிருந்தார். இதற்கா இவ்வளவு அலட்டல், குல்ஹுவல்லாஹு என்கிற சின்ன அத்தியாயத்தை மூன்று தடவை ஓதினால் முழுக் குர்ஆன் ஓதிய நன்மை கிடைக்கும், இப்போதே ஓதிவிடுகிறேன் என்றார்.

“அப்ப எதுக்கு சாச்சா முப்பது பேரு? காலையில நீங்களே மூணு தடவ ஓதிட்டு எங்களையெல்லாம் சும்மா விட்டிருக்கலாமே?”

சாச்சா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் பின்கட்டுக் குழாயடியில் நின்று காலில் ஒட்டியிருந்த கபுருக் குழி மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். மண் எப்போதோ போய்விட்டது. அவன் குழாயை மூடாமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் போய்க் குழாயை மூடினாள். இருபத்திரண்டு கதையைச் சொன்னாள், முழுசாக, தான் டிக் போட்டதையும் இன்றைக்குத் தனக்குத் தொழுகை இல்லாததையும் சேர்த்து.

“நீ ஓது” என்றாள்.

“எனக்கு அதுல நம்பிக்கை இல்லன்னு உனக்குத் தெரியும். நம்பாம ஓதினா என்ன பிரயோசனம்?”

“உன்ன அனுப்பச் சொல்லல. நீ உனக்காக ஓது. பிள்ளை கேக்குற துஆ போகும்னு நீதானே சொன்னே? நானும் பிள்ளைதான். அதுக்கப்புறம் கேக்க வேண்டியத நான் கேட்டுக்கறேன்.”

அவன் துண்டை எடுத்துக் காலைத் துடைத்தான். ஒரு காலை இரண்டு தடவை துடைத்தான்.

“நீயே ஓதலாம். இந்த நாள்ல ஓதலாம்னும் ஒரு கருத்து இருக்கு.”

“வாப்பாவுக்கு அந்தக் கருத்து இல்ல.”

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “நான் சத்தமா ஓதி ஏழெட்டு வருஷமாச்சு. தட்டுத் தடுமாறும்.”

“தடுமாறட்டும். வேகமா ஓத சாச்சா இருக்கார்.”

அவன் மறுபடி குழாயைத் திறந்து, கை கால் முகம் கழுவி ஒளூ செய்ய ஆரம்பித்தான்.

வாப்பாவின் அறையில் கட்டிலை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் பாயை விரித்தாள். அண்ணன் அலமாரியிலிருந்து குர்ஆனை இறக்கி, ரிஹால் பலகையில் விரித்து, இருபத்திரண்டைத் தேடி எடுத்தான். அவள் எதிரே ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

முதல் பக்கம் படு மோசம். பஸ்ஸை முதல் கியரில் மேட்டில் ஏற்றுகிற மாதிரி ஓதினான். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டவில்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் மூச்சு விட்டான். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டு மேலே போனான். அவள் வாயைத் திறக்கவில்லை. விரல் மடிப்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். வரியில் பின்னால் போய் அந்த வார்த்தையை மறுபடி சொன்னான், அப்போதும் தப்பு. இன்னொரு தட்டு. மூன்றாம் தடவை சரியாக வந்தது. அவள் தலையாட்டினாள்.

இரண்டாம் பக்கத்தில் எட்டுத் தட்டு. மூன்றாவதில் ஐந்து. அதற்குப் பிறகு அவனுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. சில இடங்களில் இழுக்கும் விதம் அப்படியே வாப்பா மாதிரி இருந்தது. அது அவனுக்குத் தெரிந்திருக்காது. நடுவில் நிறுத்தி அவளால் சொல்லவும் முடியாது. தப்பில்லாத ஒரு முழுப் பக்கத்தைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் இமாம் வந்து உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் ஓதி முடிந்ததா என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. சாச்சா ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அவரை முந்திக்கொண்டு மாமியின் குரல் வந்தது.

“லிஸ்ட்டுல ஒரு டிக் எடுத்தாச்சு ஹஜ்ரத். தொழுதுட்டு வாங்க. இன்னும் பாதி இருக்கு, பிள்ளைங்க முடிச்சப்புறம்தான் துஆ.”

இமாம், சரி, நிதானமாக ஓதட்டும் என்றார்.

அண்ணன் பத்தாவது பக்கத்தின் நடுவில் இருந்தபோது அஸர் பாங்கு ஒலித்தது. அவன் நிறுத்தினான். விரலை வரியின் மேலேயே வைத்துக்கொண்டு, பாங்கு முடியும் வரை இருவரும் அசையாமல் இருந்தார்கள். கூடத்தில் எல்லாரும் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவனும் போகவேண்டும். விரலை எடுக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தான். அடையாளம் வைக்க ஒரு காகிதத் துண்டுகூட அங்கே இல்லை, அறையைத்தான் கழுவித் துடைத்திருந்தார்களே. அவளைப் பார்த்தான். அவளால் தொட முடியாது.

“வரியப் பாத்துக்க” என்றான். “வந்துடறேன்.”

அவள் தலையாட்டினாள். அவன் விரலை எடுத்துவிட்டு எழுந்து போனான்.

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தின் ஓரம் மெல்லத் தூக்கிப் பார்த்தது. அவள் எழுந்து, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலேயே பின்னால் நடந்து, சுவரைத் தடவி ஸ்விட்சைக் கண்டுபிடித்து விசிறியை நிறுத்தினாள். திரும்ப வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வரியும், அதற்கடுத்த வரியும் அவளுக்கு மனப்பாடம். கூடம் காலியாகி அமைதியாக இருந்தது, அறை மெதுவாகச் சூடேற ஆரம்பித்தது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு, அண்ணன் நிறுத்திவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு போகவில்லை.